காத்திருக்கும் குழந்தையும் காக்கப்படும் வாக்கும்

மாந்தர்க்குரிய பண்புகளுள் அடக்கத்தை அறநூல்கள் உயர்த்திப் போற்றுகின்றன. அப்பண்பு பெரியோரிடத்துக் காணப்படும்போது உலகம் வியக்கிறது. சிறு குழந்தையிடத்துக் காணப்படாதபோதோ சினக்கிறது. விருந்தினர் வருமுன் தட்டிலிருந்த பலகாரத்தை எடுத்துத் தின்றுவிட்ட நான்கு வயதுக் குழந்தையை, 'அடக்கம் இல்லாத பிள்ளை' என்று ஒரே சொல்லில் பெரியோர் தீர்ப்பளித்து விடுகின்றனர். அத்தீர்ப்பு நேரியதுதானா? அடக்கம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் வரமா? அன்றிப் பிறர் துணைகொண்டு வளரும் பயிரா?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் உளநூல் அறிஞர் வால்டர் மிஷல் குறிப்பிடத்தக்கவர். 1930ஆம் ஆண்டில் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர், 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் பாலர் பள்ளியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு வயதுடைய குழந்தை ஓர் அறையில் தனியே அமர்த்தப்பட்டது. அதன் முன்னே மார்ஷ்மெல்லோ போன்றதொரு தின்பண்டம். ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருக்க இயலாவிடில் மணியை அடித்து அவரை அழைக்கலாம். அப்போது ஒன்றுதான் கிடைக்கும். கேட்பதற்கு எளிய விளையாட்டு. அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சத்துக்கோ அது பெரும் போராட்டம்!

தின்பண்டம் கண்முன் இருந்தால் அதனைப் பெறும் ஆவலே குழந்தையைக் காத்திருக்கச் செய்யும் என்றுதான் மிஷல் முதலில் எதிர்பார்த்தார். 1970ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. இரு பண்டங்களும் கண்முன் இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிட அளவே பொறுத்தனர். அவை மறைக்கப்பட்டபோது பதினொரு நிமிடங்களுக்கு மேல் பொறுத்தனர். வெற்றி கண்ட குழந்தைகள் இனிப்பை உற்று நோக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு போராடியவர்கள் அல்லர். கண்களைக் கையால் மூடினர், முகத்தைத் திருப்பினர், தமக்குத் தாமே பாடினர். மார்ஷ்மெல்லோவை வெண்மேகமாக எண்ணிப் பார்க்கும்படி கற்பிக்கப்பட்ட குழந்தைகளும் நெடுநேரம் காத்திருந்தனர்.

ஐம்பொறிகளை அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டினார் வள்ளுவர். ஆமை பகையோடு மோதுவதில்லை. தன் உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அக்குழந்தைகள் செய்ததும் அதுவே. அடக்கம் என்பது வலிமை மட்டுமன்று. கவனத்தைத் திருப்பும் அறிவுமாகும். அறிவு எனின் அது கற்பிக்கத் தக்கதே. அதனைக் கற்பிப்பதில் மொழிக்கும் பங்குண்டு. பெரியோர் கூறும் 'பொறு', 'இப்போது வேண்டாம்' என்னும் சொற்களைக் குழந்தை முதலில் வெளியிலிருந்து கேட்கிறது. பின்னர்த் தனக்குத் தானே வாய்விட்டுச் சொல்கிறது. முடிவில் அவை ஓசையற்ற எண்ணமாக உள்ளே தங்கிவிடுகின்றன. இவ்வளர்ச்சியைச் சோவியத் அறிஞர் வைகாட்ஸ்கி 1934ஆம் ஆண்டிலேயே விளக்கிச் சென்றார்.

எனினும், மிஷலின் ஆய்வை உலகம் வேறு விதமாகவே நினைவில் கொண்டது. நெடுநேரம் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் கல்வியிலும் பழக்கவழக்கத்திலும் சிறந்து விளங்கினர் என்னும் செய்தி 1990ஆம் ஆண்டில் வெளியானது. உடனே, 'காத்திருப்பவன் உயர்வான்; காத்திராதவன் தாழ்வான்' என்று பலர் முடிவு கட்டினர். அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை மறந்தனர். 2018ஆம் ஆண்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பலதரப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. காத்திருப்புக்கும் பிற்காலக் கல்விக்குமுள்ள தொடர்பு முன்பு கண்டதில் ஏறக்குறைய பாதியே என்று அது காட்டியது. குடும்பச் சூழலையும் இளமை அறிவுத்திறனையும் கணக்கில் கொண்டபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

அவ்வாறாயின் குழந்தையைக் காத்திருக்கச் செய்வது எது? ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளி தருகிறது. இருபத்தெட்டுக் குழந்தைகளிடம், 'சற்றுப் பொறுங்கள். இதனினும் நல்ல வண்ணக் கிரேயான்கள் கொண்டு வருகிறேன்' என்று ஆய்வாளர் கூறிச் சென்றார். பதினான்கு பேருக்குச் சொன்னபடியே கொண்டு வந்தார். மற்றப் பதினான்கு பேரிடம் வெறுங்கையுடன் வந்து வருத்தம் தெரிவித்தார். ஒட்டுப்படங்கள் தருவதாகச் சொன்னபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அதன் பின்னரே மார்ஷ்மெல்லோ வைக்கப்பட்டது. வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடங்கள் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்களோ மூன்றே நிமிடங்கள். முன்னவருள் ஒன்பது பேர் பதினைந்து நிமிடமும் பொறுத்தனர். பின்னவருள் ஒருவர் மட்டுமே பொறுத்தார்.

ஏமாற்றப்பட்ட குழந்தை இனிப்பை எடுத்துத் தின்றது அடக்கமின்மையா? அன்று, அது நியாயமான கணக்கு. நாளை வரும் என்று சொன்னது வாராத வீட்டில், இன்று கையில் உள்ளதே உறுதியானது. வறுமையினாலோ பெரியோரின் பொறுப்பின்மையாலோ ஏமாற்றமே பழகிப்போன பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது, விதையாத நிலத்தில் விளைச்சலைத் தேடுவது போன்றதாகும்.

அங்ஙனமாயின் குழந்தைக்குப் பொறுப்பே இல்லையா என்று வினவலாம். உண்டு. வாக்குக் காக்கப்பட்ட பதினால்வருள்ளும் ஐவரால் இறுதிவரை பொறுக்க இயலவில்லை. நம்பிக்கை நிலத்தைப் பண்படுத்தும். பயிரைக் குழந்தையே வளர்த்தல் வேண்டும். கண்ணைத் திருப்பவும், சொல்லால் தன்னைத் தேற்றிக்கொள்ளவும் அது பழகத்தான் வேண்டும். ஆயினும் வரிசைமுறை முதன்மையானது. முதலில் பெரியோரின் வாய்மை. அதன் பின்னரே பிள்ளையின் பொறுமை.

வெள்ளிக்கிழமை கதை சொல்வதாகக் கூறிய ஆசிரியர் அன்று வேலை மிகுதியால் மறந்துவிடலாம். அவருக்கு அது சிறிய மறதி. நான்கு நாள் எண்ணிக் காத்திருந்த மாணவனுக்கோ, காத்திருத்தல் பயனற்றது என்னும் பாடம் அன்று நடத்தப்பட்டு விடுகிறது. அந்தப் பாடத்தை அவன் எளிதில் மறப்பதில்லை.

எனவே, குழந்தையின் அடக்கத்தை அளக்க விழையும் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் தம் வாக்கை அளந்து பார்த்தல் வேண்டும். இயலாததைச் சொல்லாதிருத்தலும், சொன்னதைச் செய்தலும், செய்யத் தவறின் குழந்தைதானே என்று எண்ணாது காரணம் கூறி ஈடு செய்தலும் அவர்தம் கடமை. பெரியோர் காக்கும் வாக்கே பிள்ளைகள் காத்திருப்பதற்கு அடிப்படையாகும்.