இழப்பில் பங்கேற்காத இலாபம்

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் ஊரெங்கும் மணக்கோலம்தான். ஒவ்வொரு மணமேடைக்குப் பின்னாலும் பெற்றோர் பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறது. அதை வங்கியில் இட்டவர்கள், அப்பணம் உள்ளே என்னவாகிறது என்று கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்னும் அந்த நம்பிக்கையே வங்கியின் முதற்சொத்து.

2020 நவம்பர் 17 அன்று அந்நம்பிக்கை தமிழகத்தில் ஆட்டங்கண்டது. 1926-இல் கரூர் வணிகர் எழுவர் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில், ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என நடுவண் அரசு ஆணையிட்டது. மருத்துவம், கல்வி, திருமணம் போன்றவற்றிற்குத் தனி அனுமதி பெற வேண்டும். பத்து நாள்களில் அவ்வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. சுமார் 20 இலட்சம் வைப்பாளர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. ஆனால் பங்குகள் முழுவதும் மதிப்பிழந்தன. மூலதனக் கணக்கில் சேர்த்திருந்த 318.20 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் தள்ளுபடியாயின.

இது எங்ஙனம் நேர்கிறது? ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுக்கிறது என்று கொள்வோம். அதில் சொந்தப் பணம் 4 ரூபாய், மீதி வைப்பாளருடையது. ஆண்டு இலாபம் 1 ரூபாய் என்றால் பங்குதாரருக்கு 25 விழுக்காடு வருவாய். சொந்தப் பணம் 10 ரூபாயாயின் அதே இலாபம் 10 விழுக்காடுதான். எனவே மூலதனம் குறைந்த வங்கியே நல்ல காலத்தில் அதிக மதிப்புடையதாகத் தோன்றும். கடனில் 5 ரூபாய் திரும்பாதபோதுதான் உண்மை வெளிப்படும்: முன்னது மூழ்கும், பின்னது நிற்கும்.

இதனாலேயே 1988-இல் பாசல் நகரில் வகுக்கப்பட்ட விதி, கடன்களின் இடருக்கேற்ப 8 விழுக்காடு மூலதனம் வேண்டும் என்றது. நம் ரிசர்வ் வங்கி அதை 9 விழுக்காடாக்கி, பின்னர் 2.5 விழுக்காடு கூடுதல் காப்பையும் சேர்த்தது. லட்சுமி விலாஸ் வங்கியிலோ, சிறு வணிகரை விட்டுப் பெருநிறுவனங்களை நாடிக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகி, 2020 செப்டம்பரில் மூலதன விகிதம் சுழியத்திற்கும் கீழே சென்றிருந்தது.

மனிதனின் மதிநுட்பம் விதியையும் சுற்றி வழி காணும். அமெரிக்க வங்கிகள் வீட்டுக்கடன்களைக் கட்டுகளாகக் கட்டிப் பத்திரங்களாக்கி விற்றன. கடன் கணக்கை விட்டு அகன்றதால் அதற்கு மூலதனம் தேவைப்படவில்லை. கடனாளி திருப்பித் தருவானா என்ற கவலையும் அகன்றது. அதன் விளைவை 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது உலகம் கண்டது.

அப்படியானால் நிதித்துறையின் புதுமையெல்லாம் தீயதா? அன்று. ஒருவர் தாங்கவியலாத சுமையைப் பலர் அறிந்தே பகிர்வது நன்மையே. இழப்பின் பாரம் யாரிடம் போய்ச் சேர்கிறது, அவர் அதை அறிவாரா என்பதே கேள்வி. வட்டியைக் கண்டித்த புனித தாமஸ் அக்குவினாஸ், வணிகனோடு கூட்டுச் சேர்ந்து பணம் இட்டவர் இலாபத்தில் பங்கு பெறுவதை ஏற்றார்; இழப்பின் இடர் அவருடையதாகவே நீடிக்கிறது என்பது அவர் காட்டிய காரணம். பாசல் விதியின் உள்ளடக்கமும் ஏறத்தாழ இதுவே.

எனினும் விதி மட்டும் நீதியாகிவிடாது. அரசுக் கடனுக்கு மூலதனம் தேவையில்லை, சாதாரண வணிகக் கடனுக்கு முழு அளவு தேவை என்றிருக்கையில், மூலதனம் சுருங்கிய மேலாளர் முதலில் சிறு தொழில் செய்பவரையே திருப்பி அனுப்புவார். கரூர் வங்கியின் ஒரு சில பங்குகளை மட்டும் வைத்திருந்தவரும், கடன்களுக்கு ஒப்புதல் தந்தவரும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டனர். வைப்பாளருக்கு முன் பங்குதாரர் இழப்பது முறையே. ஆனால் இழந்தவரெல்லாம் குற்றவாளிகள் அல்லர். அறிந்திருந்தும் மௌனமாயிருந்தவரின் கணக்கை எந்த மூலதன விகிதமும் தீர்க்காது.

நல்ல ஆயன் உவமையில் ஒரு கூலியாள் வருகிறான். ஓநாயைக் கண்டதும் ஓடுகிறான்; மந்தையில் அவனுக்கு உடைமை இல்லை. மூலதன விதி வங்கியாளனைக் கூலியாளாய் இராதபடி கட்டி வைக்க முயல்கிறது. ஆயனின் மனத்தை அதனால் தரவியலாது. அதைத் தன் மனச்சான்றின்முன் வங்கியாளனே தேட வேண்டும். மகளின் திருமணத்திற்கெனப் பணம் கட்ட வந்து அவன்முன் நிற்பவருக்கு அவன் பட்டிருக்கும் கடன் அது.