கிரெடிட் நோட்டு யாருடைய காசு?

துணி மொத்த வியாபாரம் செய்யும் நம் சங்க அன்பர் ஒருவர், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேளையில் நம்மிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். கேள்வி சிறிது, தொகையும் பெரிதன்று. ஆயினும் நம் வியாபாரப் பெருமக்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டிய விஷயம் அதில் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

விவரம் இது. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் அன்பரிடம் 3,200 வெள்ளிக்குக் கைலி எடுத்தார். அவற்றில் இருபது கைலி சாயம் போனதால் திருப்பி அனுப்பினார். அன்பர் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, 500 வெள்ளிக்குக் கிரெடிட் நோட்டுப் போடச் சொன்னார். அதுவும் கம்ப்யூட்டரில் பதிவாயிற்று. கடைக்காரரோ இன்வாய்ஸில் கண்டபடி 3,200 வெள்ளியையும் முழுதாகக் கட்டிவிட்டார். அடுத்த மாதச் சரக்குக்கும் முழுப் பணம் வந்தது. அந்த 500 வெள்ளி அப்படியே நின்றுவிட்டது. இப்படி நின்றவற்றையெல்லாம் கணக்காளர் கூட்டிப் பார்த்தபோது நாற்பது பெயர்களில் 11,000 வெள்ளிக்கு மேல் தேறியது. "யாரும் கேட்கவில்லையே, இதர வருமானத்தில் சேர்த்துவிடலாம்" என்றார் கணக்காளர். சேர்க்கலாமா என்பதுதான் அன்பரின் கேள்வி.

கம்ப்யூட்டர் இதில் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வோம். கிரெடிட் நோட்டைப் பதிந்தவுடன் வாடிக்கையாளர் பெயரில் வரவு விழும். ஆனால் அது எந்த இன்வாய்ஸில் கழிய வேண்டும் என்று ஒருவர் பொருத்திக் காட்ட வேண்டும். நம் நாட்டுக் கணக்காளர்கள் இதனை 'நாக் ஆஃப்' செய்வது என்பர். வந்த பணம் முழுவதையும் இன்வாய்ஸோடு பொருத்திவிட்டால் இன்வாய்ஸ் தீர்ந்துபோகும். கிரெடிட் நோட்டு மட்டும் துணையின்றித் தனியே நிற்கும். பாக்கி வராத இன்வாய்ஸ் நாள் கடந்தால் பட்டியலில் முன்னே வந்து நிற்கும். நினைவூட்டுக் கடிதம் தானே போகும்படியும் நாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். கிரெடிட் நோட்டு நாள் கடந்தால் ஒன்றும் நேராது. மொத்த நிலுவையில் அது கழிந்தே காட்டப்படுவதால் முதலாளியின் கண்ணிலும் படாது. நமக்கு வர வேண்டியதற்குக் குரல் கொடுக்கும் கருவி, நாம் கொடுக்க வேண்டியதற்கு வாய் திறப்பதில்லை. அப்படி அமைத்து வைத்தது கருவியன்று, நாம்தான். (பழைய பேரேட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பேரேட்டிலும் வரவை மறைத்தவர்கள் உண்டு.)

கட்டாத இன்வாய்ஸில் கிரெடிட் நோட்டு விழுந்தால், நமக்கு வரவேண்டிய கடன் குறைகிறது, அவ்வளவே. கட்டி முடிந்த இன்வாய்ஸில் விழுந்தாலோ நிலைமை தலைகீழாகிறது. அதுவரை அவர் கடனாளி. இப்போது நாம் கடனாளி. ஐந்தொகையில் சொத்தின் பக்கம் நின்றாலும், உண்மையில் அது பொறுப்பின் பக்கத்துக்குரிய தொகை.

கடனை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் திருவசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே நீளமானது என்பதை நம்மில் பலர் அறிவோம். அதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்தர் நீதியாக எழுத வேண்டும். ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரல்லர். எவர்மீது கடன் இருக்கிறதோ அவரே சொல்ல வேண்டும், அதில் எதையும் குறைக்கலாகாது என்கிறது வசனம். இங்கே எழுத்தர் கம்ப்யூட்டர், கடன்பட்டவர் அன்பர். எழுத்தர் எழுதியாயிற்று. சொல்ல வேண்டியவர்தான் இன்னும் சொல்லவில்லை. ஆகவே "அவர் கேட்கவில்லை" என்பது ஒரு பதிலாகாது. கேட்பது அவர் கடமையாக இருந்ததே இல்லை.

இதைக் கேட்ட இன்னோர் அன்பர், "இப்போது இ-இன்வாய்ஸ் வந்துவிட்டதே, அவருக்கும் நகல் போகுமே" என்றார். 2024 ஆகஸ்டு முதல் வருமான வரி வாரியம் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்த அந்த முறையிலேயே இரண்டு தாள்கள் தனித்தனியாக வைக்கப்பட்டுள்ளன. பணம் திரும்பாமல் இன்வாய்ஸ் தொகையை மட்டும் குறைப்பது கிரெடிட் நோட்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ரிஃபண்ட் நோட்டு. பேர் மாற்றிப் போட்டதனால் காசு கைமாறிவிடாது. மேலும், தனியாளாகக் கடை நடத்துபவர் ஒவ்வொரு நகலையும் திறந்து பார்க்கிறாரா என்பதை நம் கடைகளை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

வேறொருவர் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். உரியவரின் பேரும் தொலைபேசி எண்ணும் அதே திரையில் இருக்கையில், அவர் காசில் நாம் தர்மம் செய்வது எப்படித் தர்மமாகும்? உரியவரைக் காண இயலாதபோதுதான் அந்தப் பேச்சு எழும். அப்போதும் சட்டம் ஒன்று இருக்கிறது. வணிகக் கணக்கில் குறித்த காலம் அசையாது கிடக்கும் வரவை, 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி அரசாங்கப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கணக்காளர் சொன்ன 'இதர வருமானம்' அங்கேயும் செல்லாது.

மூன்று மாதத்தில் காலாவதி என்று கிரெடிட் நோட்டின் அடியில் அச்சிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. இதில் நாம் ஒரே தீர்ப்புச் சொல்ல மாட்டோம். நல்ல சரக்கை, மனம் மாறி ஒருவர் திருப்பும்போது வாங்கிக்கொள்வது நம் பெருந்தன்மை. அதற்கு முன்கூட்டியே பேசி நிபந்தனை வைக்கலாம். சாயம் போன சரக்கு அப்படியன்று. அதற்கு வாங்கிய பணம் முதலிலிருந்தே நம்முடையதாகவில்லை. சரக்கைத் திரும்பப் பெற்ற பிறகு சீட்டில் தேதி அச்சிட்டு ஒருவர் ஹக்கைக் குறைக்க முடியுமா? முடியாது என்றே கருதுகிறோம்.

வருகிற பணத்தைப் பொருத்துவதிலும் இதேபோன்று ஒரு சங்கதி உண்டு. "இது இன்ன இன்வாய்ஸுக்கு" என்று வாடிக்கையாளர் எழுதி அனுப்பினாலும், கம்ப்யூட்டரில் பழைய பாக்கியில் முதலில் கழிக்கும் பொத்தானைத் தட்டிவிடுகிறோம். கொடுப்பவர் குறிப்பிட்டுக் கொடுத்து, நாம் வாங்கிக்கொண்டால், அதிலேதான் கழிக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். பழைய பாக்கியில் தகராறு இருந்தால் அதை அவரிடம் பேசித் தீர்ப்பதே முறை.

அன்பர் 'இதர வருமானத்தில்' சேர்க்கவில்லை. நாற்பது பேருக்கும் மாதக் கணக்குத் தாளில் "உங்களுக்கு நாங்கள் தர வேண்டியது" என்று தனி வரி போட்டு அனுப்பினார். பதில் வராதவர்களைத் தொலைபேசியில் அழைத்தார். பெரும்பாலோர் அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலர் ரொக்கமாகக் கேட்டார்கள், கொடுத்தார். இருவர் கடை மூடி மௌத்தாகிவிட்டனர். ஒருவரின் மகன் தைப்பிங்கில் இருப்பதாகத் தெரியவந்து முகவரி கிடைத்துள்ளது. மற்றவரின் வாரிசைத் தேடிக்கொண்டிருக்கிறார்.