அறிவில் ஆசையும் அயலவரில் அன்பும்

கல்வி எதற்காக என்ற வினா அன்று தொட்டு எம்மிடையே இருந்து வருகின்றது. உத்தியோகத்துக்காகவா? அறிவின் மீதுள்ள ஆசைக்காகவா? அல்லது பிறருக்கு உதவுவதற்காகவா? அண்மையில் இவ்வினா எனது வீட்டு விறாந்தையிலேயே எழுந்தது.

என் மனைவி நெடுங்காலமாகச் சலரோகத்தினால் பாதிக்கப்பட்டவர். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான அயல்வீட்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இந்த மருந்தைக் கண்டுபிடிச்ச ஆக்களுக்கு எவ்வளவு காசு கிடைச்சிருக்கும்?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்வதற்காக நான் தேடி வாசித்தவற்றையே இங்கு தருகின்றேன்.

1921ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவர் தமது முதற் பட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். உடற்றொழிலியல் அவருக்கு மிகவும் விருப்பமான பாடம். அவருடைய மாமி ஒருவர் சலரோகத்தினால் இறந்திருந்தார். பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், பிரெடரிக் பான்டிங் என்ற வைத்தியருக்கு உதவியாளராக அவர் சேர்ந்தார். ஆரம்பத்தில் இருவருக்கும் சம்பளம் கிடையாது. அந்தக் கோடை முழுவதும் உழைத்து, சதையி என்னும் உறுப்பிலிருந்து எடுத்த சாறு நாய்களின் இரத்தத்தில் சீனியின் அளவைக் குறைப்பதைக் கண்டனர்.

1922 ஜனவரி 11இல் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. அவனுடைய நிறை சுமார் 65 இறாத்தல் மாத்திரமே. சாறு தூய்மையாக இல்லாமையால் எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. பின்னர் இரசாயன அறிஞர் ஜேம்ஸ் கொலிப் அதனைச் சுத்திகரித்துக் கொடுக்க, ஜனவரி 23இல் மீண்டும் ஏற்றினார்கள். சிறுவன் தேறினான். 1935 வரை உயிர் வாழ்ந்தான்.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. இரக்கம் மாத்திரம் இருந்து, சுத்திகரிக்கும் அறிவு இல்லாதிருந்தால் அச்சிறுவன் பிழைத்திருக்க மாட்டான். அறிவு மாத்திரம் இருந்து இரக்கம் இல்லாதிருந்தால், அம்முயற்சி நாய்களோடும் ஆய்வுக் கட்டுரையோடும் நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்தமையாலேயே மருந்து பிறந்தது.

காசு விடயத்துக்கு வருவோம். 1923 ஜனவரியில் பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் தமது காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். தரமற்ற மருந்தை எவரும் விற்கக்கூடாது, தனியொருவர் அதனை உடைமையாக்கவும் கூடாது என்பதே நோக்கம். அவ்வாண்டு நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் கிடைத்தது. பான்டிங் தமது பங்கில் பாதியை மாணவரான பெஸ்டுக்குக் கொடுத்தார்.

இதனைக் கூறியபோது பையன் சிரித்தான். "ஒரு டொலரோ? அவையள் ஏமாந்துபோச்சினம் பெரியப்பா" என்றான். நான் கோபிக்கவில்லை. வறிய குடும்பத்துப் பிள்ளை அவன். தாய் தகப்பனைத் தாங்க வேண்டிய பொறுப்பும் அவனுக்கு உண்டு. உழைத்துச் சம்பளம் பெறுவது குற்றமும் அன்று. பெஸ்டும் பிற்காலத்தில் பேராசிரியராகச் சம்பளம் பெற்றே வாழ்ந்தார். உழைப்புக்குக் கூலி பெறுவது வேறு, பிறருடைய உயிருக்கு விலை பேசுவது வேறு. அவ்வளவையே அவனுக்குச் சொன்னேன்.

இலிகிதராகக் கடமையாற்றிய காலத்தில் நானும் படிப்பென்றால் உத்தியோகம் என்றே எண்ணியிருந்தேன். என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். அது குறைபட்ட போதனை என்பதை இன்று உணர்கின்றேன். எமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைபெற்று வருகின்றது. பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் படிப்புச் செலவில், கடையில் ஒரு இறாத்தல் சீனி வாங்கும் ஏழையின் வரிப்பணமும் அடங்கியுள்ளது. அந்த ஏழை அப்பிள்ளையிடம் ஒருநாளும் கணக்குக் கேட்கப் போவதில்லை. கேளாத கடனைத் தானாக நினைத்துத் திருப்பிக் கொடுப்பதே அறமாகும்.

எனவே பெற்றோர்களே, விஞ்ஞானத்தில் விருப்பமுள்ள பிள்ளையிடம் "எவ்வளவு சம்பளம் வரும்?" என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். அத்துடன் "உன் படிப்பால் ஆருக்கு நன்மை?" என்றும் கேட்டுப் பழகுங்கள்.

அந்தப் பையன் இப்போது விடுமுறையில் வரும்போதெல்லாம், "பெரியம்மாவுக்குச் சீனி எவ்வளவு?" என்று விசாரித்த பின்னரே கதிரையில் அமர்கின்றான்.