அடித்த கணக்கு

போன மாதம் ஒரு தம்பி கவரில் 1,340 ரூபாய் கொண்டுவந்து நீட்டினார். 1988இல் அவருடைய அப்பா எங்கள் கடையில் வைத்த பாக்கியாம். "சாகறதுக்கு முந்தி சொல்லிட்டுப் போனாவக்கா."

அப்பாவின் கடன் நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. "அடிச்சாச்சே தம்பி" என்றேன். குனிந்து பார்த்தார். "அடிச்சது அண்ணாச்சி. எங்கப்பா அடிக்கலையேக்கா."

அந்தக் கோடு என்னை விடமாட்டேன் என்கிறது. அதற்கு அடியில் வெல்லம், சீயக்காய், அரை லிட்டர் நல்லெண்ணெய், கடைசியில் தொகை, எல்லாமே வாசிக்க முடிகிறது. அப்பா கிறுக்கி மறைக்கவில்லை. ஒற்றைக் கோடு, அவ்வளவுதான்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் சங்கு ஊதித்தான் எங்களுக்குப் பொழுது விடியும். சம்பள நாளில் கடையில் நெரிசல். நோட்டில் கோடுகள் விழும். ஞாயிறு பள்ளியில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது 'கடன்' என்ற சொல் வந்தால், பரலோகத்திலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும் என்று நினைப்பேன். ஆர்.சி. தோழியின் ஜெபத்தில் அந்த இடத்தில் கடன் கிடையாது, பாவம். மன்னிப்பதும் கிடையாது, பொறுப்பது. பொறுப்பதென்றால் சுமப்பதுதானே? அந்த 1,340ஐ மொத்த வியாபாரிக்கு அப்பாதான் கட்டியிருப்பார். இதை யோசிக்க எனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது.

மத்தேயு 18இல் ஒரு ராஜா பதினாயிரம் தாலந்தை மன்னிக்கிறான். கிட்டத்தட்ட 6 கோடி நாள் கூலி. அந்த ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கங்கள் அவனைத் திட்டுவதோடு சரி. எனக்கு உறுத்துவது அதற்கு அப்புறம்: ராஜா மன்னித்த கடனை மறுபடி கேட்கிறான். அப்படியானால் அங்கேயும் கோட்டுக்கு அடியில் தொகை தெரிந்துகொண்டுதான் இருந்ததா?

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாபநாசம். முழுகி எழுந்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். துணி போவதில்லை; பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கிறது. யாரோ இறங்கி அள்ளுகிறார்கள்.

அந்தத் தம்பியிடம் பணத்தை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டிருந்தால் அவர் அப்பாவை இரண்டாம் முறை கடன்காரர் ஆக்கியிருப்பேனோ. வாங்கியதால் என் அப்பாவின் கோட்டை அழித்துவிட்டேனோ, தெரியவில்லை. காணிக்கையில் போட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். யார் பேரில் போடுவது?

கவர் இன்னும் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது, அதே பக்கத்தில்.