காவலுக்கு ஆள் வேண்டும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் எங்கே, எப்படி வாழ்வது என்ற கேள்வி எனக்கும் என் மனைவிக்கும் இடையே ஒரு வருஷ காலமாகத் தீராமல் கிடந்த சமயத்தில், அரிசோனா மாநிலத்தின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லைக்குச் சமீபமான ஆல்டார் பள்ளத்தாக்கில், ஒரு சிறிய மாட்டுப் பண்ணையைக் கவனித்துக்கொள்ள ஒரு தம்பதி தேவை என்றும், சம்பளம் கிடையாது, ஆனால் குடியிருக்க வீடு உண்டு என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். டூசான் நகரில் இருபது வருஷம் வசித்தும் பாலைவனத்தை ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகிய எனக்கு, நெடுநாள் ஆசைப்பட்ட ஏகாந்தம் தானே தேடி வந்துவிட்டதாகத் தோன்றியது.

மே மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை புறப்பட்டோம். கேட்ஸ் கணவாயில் ஏறி இறங்கும்போது சவாரோ என்னும் நெடுங்கள்ளிகள் மலைச்சரிவெங்கும் நின்றன. முதல் கிளை விடுவதற்கே ஐம்பது அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கக்கூடிய அந்த விருட்சங்களின் உச்சியில், இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலுக்குள் கூம்பிவிடும் வெண்ணிறப் பூக்கள் இன்னும் வாடாமல் இருந்தன. அவை கனியாகி ஜூன் கடைசியில் பழுக்கும். இந்தப் பிரதேசத்தின் ஆதிக்குடிகளான தொஹோனோ ஓதம் மக்களுக்கு அந்தப் பழம் பறிக்கும் காலமே வருஷப் பிறப்பு. ரோபிள்ஸ் சந்திப்பில் தெற்கே திரும்பியதும் வலப்புறத்தில் பாபோகிவாரி சிகரம் எழுந்தது. அந்த மக்களின் படைப்புத் தெய்வமான ஈய்தோய் வாசம் செய்யும் புனித ஸ்தலம் அது. 7,000 அடிக்கு மேல் உயர்ந்த அந்த ஒற்றைப் பாறை பண்ணை வரையில் எங்களை விட்டு அகலவே இல்லை. இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றேன். இங்கேயே வாழ்ந்துவிடலாம் என்று அப்போதே மனத்தில் தீர்மானித்துவிட்டேன்.

சாலையின் இரு மருங்கிலும் மெஸ்கீட் மரங்கள் அடர்ந்திருந்தன. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. 1880-களில் தாங்கும் அளவுக்கு மேல் மாடுகளைக் கொண்டுவந்து மேயவிட்டதாலும், 1891 முதல் 1893 வரை நீடித்து அவற்றைக் கூட்டங்கூட்டமாக மடிய வைத்த வறட்சியாலும், புல்வெளியாக இருந்த பள்ளத்தாக்கு சீரழிந்தது. மாடுகள் தின்று கழித்த நெற்றுகளிலிருந்து முளைத்த மெஸ்கீட் புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான் சௌந்தரியம் என்று கண்டு நின்ற பசுமையில் ஒரு பகுதி, கவனிப்பாரில்லாமல் போன பூமியின் தழும்பு.

பண்ணைக்காரர் எண்பது வயதைத் தாண்டியவர். முழங்கால்கள் இரண்டும் தளர்ந்துவிட்டன. வீட்டைக் காட்டுவார், மலையைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனார். “இந்த வெயிலில் ஒரு மாடு நாளைக்கு எழுபது எண்பது லிட்டர் குடிக்கும். இந்த மிதவை மேலே சிக்கிக்கொண்டால் தொட்டி வறண்டுவிடும். கீழே சிக்கிக்கொண்டால் சேமித்த தண்ணீரெல்லாம் மண்ணில் போய்விடும். தினம் காலையில் பார்க்க வேண்டும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது” என்றார். பிறகு முள்கம்பி வேலி, பம்பு, கோழிக்கூடு. அங்கே இருந்த இரண்டு மணி நேரத்தில் அவர் அந்தச் சிகரத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று அவர் சொன்னது என் தாயாரை நினைவூட்டியது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் தாயார் தம் வாழ்நாளில் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணமானாலும் சாவானாலும் சாயங்காலப் பால் கறவைக்குள் திரும்பி விடுவார். “அது வாயில்லாத ஜீவன், என்னை எதிர்பார்த்துக்கிட்டு நிக்கும்” என்பார். ஒரு பசுவுக்காக உலகத்தையே பார்க்காமல் போய்விட்டாளே என்று அம்மாவுக்காக நான் பல வருஷம் இரக்கப்பட்டிருக்கிறேன். அந்தத் தொட்டிக் கரையில் நின்றபோது அந்த இரக்கம் எத்தனை பேதைமை என்று தெரிந்தது. யாருக்கும் தேவைப்படாமல் இருக்கும் சுதந்திரத்தைத்தான் நான் ஏகாந்தம் என்று எண்ணி இத்தனை தூரம் தேடி வந்திருக்கிறேன். இந்த இடமோ, தன்னைப் பார்த்து மகிழ்கிறவர் வேண்டும் என்று கேட்கவில்லை, விடியும்போது வந்து நிற்கிற ஒருவர் வேண்டும் என்று கேட்டது. அப்படி ஒருவனாக என்னால் இருக்க முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.

என் மனைவி அதற்குள் குனிந்து, தண்ணீரில் கையை விட்டு மிதவையை அழுத்திப் பார்த்தாள். குழாயிலிருந்து நீர் பீறிட்டது. கையை எடுத்ததும் நின்றது. கிணறு எத்தனை ஆழம், கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும், பம்பு பழுதானால் மாடுகளுக்கு எத்தனை நாள் தண்ணீர் கையிருப்பு உண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். கிழவர் என்னை மறந்துவிட்டு அவளுக்கே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் விடைபெறும்போதும் அவளைப் பார்த்துத்தான், “எப்போது வர முடியும், அம்மா?” என்று கேட்டார்.

“சவாரோ பழுப்பதற்குள்” என்றாள்.