அனுப்புநர் யார்?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர்கள் முதலில் ‘அனுப்புநர்’ போடச் சொன்னார்கள். பேர், தகப்பன் பேர், தெரு, ஊர். சொல்லவந்த விஷயமெல்லாம் அதற்குக் கீழேதான். உடன்குடிப் பக்கத்தில் பிறந்த நமக்கு இந்த வரிசை புதுசில்லை. ‘எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மவன்?’ என்று கேட்டு முடித்த பிறகுதானே டீக்கடை பெஞ்சில் பேச்சே ஆரம்பிக்கும். தெரு தெரிந்துவிட்டால் போதும். அதற்கப்புறம் நாம் எதைப் பேசினாலும் அது ‘அந்தத் தெருக்காரன் பேச்சு’.

நான் இன்று வயிறு வளர்ப்பதும் இந்த அனுப்புநர் விவகாரத்தில்தான். ஒரு கம்பெனிக்கு, ஒப்பந்தத்தின்பேரில், அதன் ஊழியர்களுடைய மின்னஞ்சல் எந்தப் பேரில் வெளியே போகவேண்டும் என்று அமைத்துக் கொடுக்கிறேன். ஜிமெயிலில் ஒருவருக்குக் கணக்கு ஒன்றுதான் என்றாலும் மாற்று முகவரிகள் பல வைக்கலாம். வெளியே தெரிகிற பேர் ஒன்று, பதில் போய்ச் சேருகிற முகவரி வேறொன்று என்று பிரித்தும் வைக்கலாம். ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் செய்யத் தேவையில்லை. நிரல்கள் போய்வருவதற்கென்று ஏபிஐ என்றொரு வாசல் உண்டு. கம்பெனி நிர்வாகி முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால், நான் எழுதிய நிரல் அந்த வாசல் வழியாகப் போய், டீ ஆறுவதற்குள் நூறு பேரின் பேரை மாற்றிவிட்டு வந்துவிடும்.

மாற்றுப் பேரில் கடிதம் அனுப்புவது பொய் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பேரால் எதையும் இழக்காதவர்கள்.

2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரித் தகுதி, பேர் மட்டும் வேறு வேறு. மேல்சாதி இந்துப் பேரோடு ஒப்பிட்டால் தலித் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67. முஸ்லிம் பேருக்கு 0.33. உள்ளே இருந்த காகிதத்தை எவன் ஒழுங்காகப் படித்தான்?

அவ்வளவு தூரம் போவானேன். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, நம் மாவட்டத்துக் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. கலவரம் வெடித்தது. பஸ் என்னவோ அதே பஸ்தான். டிக்கெட் விலையும் அதேதான். கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பேரை எடுத்தது. 1986இல் சிதம்பரனார் மாவட்டமாகப் பிறந்தது வெறும் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஒரு தலித்தின் பேரைப் பொறுத்துக்கொள்ள முடியாததால் எல்லாப் பேரும் போயிற்று.

இப்படிப்பட்ட நாட்டில் ஒருத்தன் தன் பேரை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது கேடயம். காத்தவராயன் என்ற பேரோடு இருந்தவர், தன் ஆசிரியர் பேரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அவராக எடுத்துக்கொண்ட பேர் அது. யாரும் அவர் தலையில் கட்டியதல்ல.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. வெளியார் முகவரி ஒன்றை மாற்று முகவரியாகச் சேர்த்தால் ஜிமெயில் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடும். உரியவர் ஒப்புக்கொள்ளும்வரை அது நிலுவையிலேயே கிடக்கும். நியாயம்தான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. கண்டவனும் அந்தப் பேரை ஒட்டி விற்கக்கூடாது. பேருக்கு உடையவரைக் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பேரைச் சுமக்கப்போகிற ஆளை யார் கேட்கிறார்கள்? நிர்வாகியின் அதிகாரத்தோடு நிரல் போனால் ஊழியரின் சம்மதம் தேவையே இல்லை. இதற்கு நேர்மாறானதும் உண்டு. முதன்மை முகவரியை இந்த வாசல் வழியாக நீக்க முடியாது. பேர் மாற்றத்தை நிர்வாகி தடுத்து வைத்திருந்தால், முதன்மை முகவரியின் பேரை மாற்றச் சொல்லும் கோரிக்கை சத்தமில்லாமல் தோற்றுப்போகும் என்று கூகிளின் கையேடே சொல்கிறது. ‘முடியாது’ என்று ஒரு வார்த்தைகூட வராது. ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தவர்களுக்கு இந்த மௌனம் நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வாயில் நுழையவில்லை என்று, கம்பெனி எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியது. இடது பக்கம் ஊழியர் பேர், வலது பக்கம் புதுப்பேர். பட்டியலில் இருந்தவர்களிடம் நான் பேசினேன். ஆச்சி பேரைத் தாங்கியிருக்கிற ஒரு பிள்ளை சொன்னாள்: ‘அண்ணே, எம் பேருல என்ன கோளாறு? மாத்துறதுன்னா நான்ல மாத்தணும்!’ இன்னொரு தம்பி, ‘எனக்கு மாத்தி வச்சிருங்கண்ணே, எவனும் தெருவக் கேக்காம இருந்தாச் சரி’ என்றான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: தீர்மானம் அவர்களுடையதாக இருக்கவேண்டும். வேண்டாம் என்று தோன்றுகிற அன்றைக்கு அதைக் கழற்றிவைக்கிற வழியும் அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

ஆகவே நிரலில் ஒரு படியைக் கூட்டினேன். ஆளுக்கொரு கடிதம் போகும். சம்மதம் என்று பதில் வந்தால்தான் பேர் மாறும். ‘இத்தனை பேரையும் கேட்டுக்கிட்டிருந்தா வேலை எப்ப முடியும்?’ என்றார் மேலாளர். நம்மைக் கேட்கவேண்டிய இடத்தில் மட்டும் எப்போதும் நேரம் போதாமல் போகிறது. இன்றுவரை பாதிப்பேரிடமிருந்துதான் பதில் வந்திருக்கிறது. மீதிப்பேருக்குப் பழைய பேரிலேயே கடிதம் போகிறது.