கண்ணாடிக்காக ஒரு ஒருசந்தி



பசிபிக் சமுத்திரத்திலே பிஜி என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. அங்குள்ள கிராமங்களில் பூரித்த உடலே நல்ல உடலென்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஒரு பிள்ளை மெலிந்தால், வீட்டார் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்றே ஊரார் ஐயுறுவர். ஒருவரின் உடல், அவருக்கு உணவூட்டிய குடும்பத்தின் அன்புக்குச் சாட்சியாக நின்றது.

1995ஆம் ஆண்டு அங்குள்ள நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. அமெரிக்க மனநல வைத்தியரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் என்பவர் அவ்வாண்டிலும், பின்னர் 1998இலும் அங்குள்ள பாடசாலை மாணவியரை விசாரித்தார். மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுத்ததாக 1995இல் ஒருத்தியும் சொல்லவில்லை. 1998இலோ நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள். நூற்றுக்கு 74 பேர் தாங்கள் பருத்திருப்பதாகச் சில வேளைகளிலேனும் எண்ணினார்கள்.

தொலைக்காட்சியை மாத்திரம் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் கைகழுவிவிடலாகாது. திரையில் தோன்றிய பெண்களைப் போலிருந்தால் உத்தியோகமும் முன்னேற்றமும் கிட்டுமென அம்மாணவியரிற் பலர் நம்பினர். சமூகம் மாறிக்கொண்டிருந்தது, புதிய வாழ்வுக்கு வழி தேடிய பிள்ளைகளுக்குத் திரையே ஆசிரியராயிற்று. அந்த மாற்றம் அவர்களின் உடலிலே எழுதப்பட்டது.

தாய்மாரே, தகப்பன்மாரே! இது தூரத்துத் தீவின் கதை மட்டுமா? விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளையை, 'என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய்?' என்று கலங்கிக் கேட்ட வாய்தானே நம்முடையது! அதே வாய் இன்று, 'இப்படிக் கொழுத்தால் ஆர் உன்னைக் கட்டுவான்?' என்கிறதே! நாம் விளையாட்டாய்ச் சொன்ன சொல்லைப் பிள்ளை படுக்கைக்கும் கொண்டுபோகிறாள். மறுநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறாள்.

நாமும் ஒருசந்தி பிடிக்கிறோம். ஆனால் இறைவனை நினைத்துப் பசித்திருப்பவன் மிச்சம் பிடித்ததை ஏழைக்குக் கொடுக்கிறான். அவன் நெஞ்சு விரிகிறது. கண்ணாடியை நினைத்துப் பசித்திருப்பவளோ தன்னையே வெறுக்கப் பழகுகிறாள்.

உடல் பரிசுத்த ஆவியின் ஆலயமென்று புனித சின்னப்பர் கற்பித்தார். ஆலயத்தைப் பேணுவது நம் கடமை. அளவோடு உண்போம், உடல் வருந்த உழைப்போம், நோயென்றால் வைத்தியரிடம் செல்வோம். ஆயினும், ஆலயத்தின் அகலத்தை அளந்து அதனுள்ளே வீற்றிருப்பவரை மதிப்பிடுவாருண்டோ?

இன்றிரவு செபமாலை முடிந்து சாப்பிட அமரும்போது, பிள்ளையின் உருவத்தைப்பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். 'வா பிள்ளை, இருந்து சாப்பிடு' என்று மட்டும் சொல்லுங்கள். பிஜித் தாய்மார் அறிந்திருந்த ஞானம் அது; நம் தாய்மாருக்கும் அது புதிதல்ல.